ஒரு நாளைக்கு எனக்கு வேண்டியது

நிக்காஹ், தலாக் வழக்குகளைத் தீர்க்கிற காதியார் என்னிடம் அதைக் கேட்டபோது எனக்கு இருபத்தொன்பது வயது. அவர் வீட்டு நடு அறையில் ஒரு வெள்ளைத் துணியைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். அந்தப் பக்கம் கதிரைகளில் காதியாரும் என் கணவரும் என் அண்ணனான நானாவும் இருந்தார்கள். இந்தப் பக்கம் பாயில் நானும் நானாவின் மனைவியான என் மதினியும் இருந்தோம்.

"தங்கச்சி, ஒரு நாளைக்கு உங்களுக்கு என்னென்ன வேணும்?"

கேள்வி விளங்கியது, பதில்தான் வரவில்லை. கடற்காற்றில் திரை உப்பி வந்து என் முழங்காலைத் தொட்டது. பிறகு மெல்ல அந்தப் பக்கம் போனது. அது இரண்டு மூன்று தடவை வந்து போகும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள்.

"வெக்கப்படுறா," என்றார் நானா. "நான் சொல்லுறன், எழுதுங்கோ."

"நீங்கள் சொல்ல ஏலாது. அவதான் சொல்லவேணும்," என்றார் காதியார்.

எப்படி அந்தத் திரைக்குப் பின்னால் வந்து சேர்ந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தலைமன்னார் இருக்கிற எங்கள் தீவில், தாராபுரத்தில் எனக்கு வாப்பா சீதனமாகத் தந்த வீடு இருந்தது. நிக்காஹ் முடிந்து ஒன்பது வருடம் அந்த வீட்டில் என் கணவரோடு வாழ்ந்தேன். அவருக்குச் சங்கும் கருவாடும் வியாபாரம். தலைமன்னாரிலிருந்து கப்பலில் கடலுக்கு அப்பால் இந்தியாவின் அக்கரைக்கு அனுப்புவார், கூடவே தானும் போவார். மாதத்தில் பாதி நாள் இங்கே, பாதி நாள் அங்கே. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவர் ஒரு சொல் சொன்னதில்லை. அவருடைய ஆட்கள் சொன்னார்கள்.

இரண்டாவது உலக யுத்த காலம் அது. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசுகிற ஒரு நாள் மத்தியானம், முற்றத்துக் கிணற்றடியில் நின்றபடி அவர் சொன்னார், "அக்கரையில எனக்கு ஒரு நிக்காஹ் பேசியிருக்கினம்."

அதற்குப் பிறகு நடந்தது எனக்கு ஒரு கனவு போலத்தான் நினைவிருக்கிறது. மணல் பறந்துகொண்டிருந்தது. கண்ணை முழுதாகத் திறக்க முடியவில்லை. "அப்ப என்னை விட்டுடுங்கோ" என்று நான் சொன்னது ஞாபகம் இருக்கிறது. "உன்னை விடுறதைத் தவிர வேறை வழி தெரியேல்லை" என்று அவர் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்று மட்டும் தெரியவில்லை. பின்னாளில் எத்தனையோ தடவை அந்த முற்றத்தில் போய் நின்று பார்த்தேன். ஒரு நாள் நான் முதலில் சொன்னது போல இருக்கும். இன்னொரு நாள் அவர். காற்றுச் சத்தம் மட்டும் மாறுவதில்லை.

இரண்டு பெண்களையும் அவர் வைத்திருக்கலாம், மார்க்கத்தில் அதற்கு இடம் உண்டு. என்னால் அது ஏலாது. அவருக்கும் அது தெரியும். அடுத்த கிழமையே தலாக் சொல்லப் போவதாகக் காதியாருக்குக் கடுதாசி எழுதிக் கொடுத்துவிட்டு, தன் துணிகளை எடுத்துக்கொண்டு தன் அக்காவான ராத்தா வீட்டுக்குப் போய்விட்டார். வீடு என்னுடையது. ஆகையால் போக வேண்டியவர் அவர்தான்.

காதியாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாடி நரைத்த பெரியவர் ஒருவரை நான் நினைத்துக்கொண்டு போனேன். அவருக்கு நாற்பது வயதுகூட இருக்காது. பட்டினத்தில் புடைவைக் கடை வைத்திருந்தார். காதியாக நியமித்து அரசாங்கக் கடுதாசி வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மூக்கடைப்பு வேறு. சட்டப் புத்தகத்தின் தாள்களை அவர் புரட்டுகிற சத்தமும் மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் திரைக்கு இந்தப் பக்கம் நன்றாகக் கேட்டன. தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற மனிதர் அவர்.

முதல் தடவை போனபோது எங்களைச் சேர்த்துவைக்கப் பார்த்தார். அது அவருடைய கடமை. ஒரு மாதம் பொறுத்துப் பார்க்கச் சொன்னார். பொறுத்தோம். இரண்டாவது தடவை கேட்ட முதல் கேள்வியே நான் பயந்த கேள்வி.

"விடுதலையை முதல்ல கேட்டது ஆர்?"

நானா வீட்டிலேயே எனக்குச் சொல்லித் தந்திருந்தார். "நீ கேட்டனி எண்டு வாய் தவறியும் சொல்லிப்போடாதை. பொம்பிளை கேட்டு வாங்கினா அது வேறை வழி, நிக்காஹுக்கு அவன் தரவேண்டிய மஹரைக்கூட நீ விட்டுக் குடுக்கவேண்டி வரும். அவன் விட்டா இத்தாச் செலவு அவன்ர கடமை." இத்தா என்பது தலாக்குக்குப் பிறகு ஒரு பெண் வீட்டோடு காத்திருக்க வேண்டிய மூன்று மாதம். அந்த மூன்று மாதமும் அவளுக்கு உண்ணவும் உடுக்கவும் கொடுக்க வேண்டியவன், அவளை விட்டவன்.

எனக்குப் பொய் சொல்லவும் வரவில்லை, உண்மை என்னவென்றும் தெரியவில்லை.

"எனக்கு ஞாபகம் இல்லை," என்றேன்.

மதினி என் தொடையில் கிள்ளினாள். அந்தப் பக்கம் நானா ஏதோ சொல்லத் தொடங்க, என் கணவரின் குரல் குறுக்கே வந்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அந்தக் குரலைக் கேட்டேன்.

"கடுதாசி நான் தந்தது. கையெழுத்து என்ர. விடுறது நான்தான், அப்பிடியே எழுதுங்கோ."

காதியார் ஆறுதலாக மூச்சு விட்டார். பேனா கீறுகிற சத்தம் கேட்டது. பிறகுதான் செலவைப் பற்றிய பேச்சு வந்தது. நானா ஒரு பெரிய தொகையைச் சொன்னார். என் கணவர் மறுக்கவில்லை. காதியாருக்குத்தான் அது பிடிக்கவில்லை.

"அப்பிடி வாய்க்கு வந்ததைச் சொல்ல ஏலாது. புருசன்ர வசதி என்ன எண்டு பாக்கவேணும். அவ இவ்வளவு காலமும் எப்பிடி வாழ்ந்தவ எண்டும் பாக்கவேணும். இந்த மூண்டு மாசமும் அவ முந்தி வாழ்ந்த மாதிரியே வாழவேணும். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வசதியைப் பற்றி இவரிட்டைக் கேட்டாச்சு. இனி அவ எப்பிடி வாழ்ந்தவ எண்டு அவதான் சொல்லவேணும்." அப்போதுதான் என் பக்கம் திரும்பி அந்தக் கேள்வியைக் கேட்டார்.

நானாவை மறித்துவிட்டு, கொஞ்ச நேரம் புத்தகத்தைப் புரட்டினார். புத்தகத்தில் இதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை போலும்.

"சரி, ஒண்டு செய்யுங்கோ. வீட்டை போய் ஏழு நாள் உங்களையே கவனிச்சுப் பாருங்கோ. என்ன சாப்பிடுறீங்கள், என்ன செலவாகுது, எல்லாத்தையும் எழுதிக்கொண்டு வாங்கோ. எழுதத் தெரியுமா?"

"அரபு எழுத்திலை தமிழ், அரபுத் தமிழ் எழுதுவன்."

"அது போதும். நான் வாசிப்பன்."

அந்த ஏழு நாளைப் போல ஏழு நாள் என் வாழ்க்கையில் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. வீட்டில் நான் தனியாக இருந்தேன். ஆனால் இன்னொரு பெண் கூட இருப்பதைப் போலவும், அவளுக்குத் தெரியாமல் அவளைப் பார்த்துக்கொண்டிருப்பது போலவும் இருந்தது. அவள் விடியற்காலை ஸுபஹுத் தொழுகை முடிந்து பாயைச் சுருட்டுகிறாள். மல்லிக் கோப்பி வைக்கிறாள். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கிறாள். எவ்வளவு பனங்கட்டி? கடித்ததை எடுத்துப் பார்க்கிறேன், பல் பதிந்த துண்டு. நாலில் ஒரு பங்கு என்று எழுதுகிறேன்.

மற்றவர்களுக்கு எவ்வளவு போதும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். என் கணவருக்கு ஒரு நேரத்துக்கு எவ்வளவு சோறு, புளிக்குழம்பில் எத்தனை துண்டு மீன், எத்தனை நாளைக்கு ஒரு தடவை தலைக்கு எண்ணெய், எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். எனக்கு எவ்வளவு சோறு என்று அளந்து பார்த்தால், சட்டியில் மிஞ்சியதுதான் என் அளவாக இருந்தது. அவர் இருந்தபோது அவர் சாப்பிட்ட மிச்சம். இப்போது நானே எனக்கு மட்டும் ஆக்கினேன். அப்படியும் கொஞ்சத்தைச் சட்டியில் ஒதுக்கிவிட்டு மற்றதைச் சாப்பிட்டேன். யாருக்காக ஒதுக்குகிறேன் என்று மூன்றாவது நாள்தான் என்னையே கேட்டுக்கொண்டேன். எழுதுவதற்கு ஒன்றும் வராமல் எழுதுகோலைக் கையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருந்தேன். வெயில் வெள்ளையாக மணலில் கிடந்தது. பனைகளின் நிழல் வேலியைக் கடந்து அடுத்த வளவுக்குப் போய்விட்டது. பிற்பகல் அஸருக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள்.

அந்த நாட்களில் வாசலில் இருந்து என்னோடு பேசியவள் ஒருத்திதான். மீன் கொண்டுவருகிற அக்கா. கரையோரத்துக் கத்தோலிக்கப் பெண். அவளுடைய கணவனும் அவளை விட்டுவிட்டு வேறொருத்தியோடு இருந்தான். கூடையை இறக்கிவைத்துவிட்டு நான் எழுதுவதை எட்டிப் பார்த்தாள்.

"உதென்ன கணக்கு, தங்கச்சி?"

சொன்னேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என்னட்டை ஆரும் உப்பிடிக் கேக்கேல்லை. நான் கோட்டிலை வழக்குப் போட்டனான். நீதவான் துரை முதல்ல அவன்ர வள்ளத்தைப் பற்றிக் கேட்டார். எத்தினை பங்கு வருகுது, எத்தினை பிள்ளை எண்டு கேட்டார். பிறகு என்னைப் பாத்து, நீ என்ன செய்யிறாய் எண்டார். மீன் விக்கிறன் துரை எண்டன். அப்ப உனக்கும் ஒரு தொழில் இருக்கு எண்டு சொல்லிக் குறைச்சுப் போட்டார்."

"எவ்வளவு காலத்துக்கு?"

"அவன் குடுக்கிற காலம் வரைக்கும். மாசம் மாசம் கோட்டுக் கந்தோரிலை போய் நிக்கிறன். சில மாசம் கட்டுவான், சில மாசம் கட்டான். உங்களுக்கு எத்தினை மாசம்?"

"மூண்டு."

"மூண்டு மாசத்தோட முடிஞ்சுதோ?"

"ஓம்."

அவள் ஒரு பாரைக் குட்டியை எடுத்து என் சட்டியில் போட்டாள். "எங்கட ஆக்களுக்கு விடுதலை எண்டு ஒண்டு இல்லை. கோயில்லை கட்டினது கட்டினதுதான். அவன் ஆரோட இருந்தாலும் சாகும்வரைக்கும் என்ர புருசன். எது நல்லது எண்டு எனக்குச் சொல்லத் தெரியேல்லை, தங்கச்சி." அந்த மீனுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டுப் போனாள்.

ஏழாவது நாள் மதினி வந்து என் கடுதாசியை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். அரை கொத்து அரிசி, அதுவும் பங்கீட்டுக் கூப்பனுக்கு என்ன கிடைக்கிறதோ அது. ஒரு துண்டு மீன். பாதித் தேங்காய் இரண்டு நாளைக்கு. மிளகாய், புளி, உப்பு. கோப்பி ஒரு தடவை. கிழமைக்கு ஒரு போத்தல் மண்ணெண்ணெய். குளிக்க மாதம் ஒரு சவுக்காரம். மூன்று மாதத்துக்கு ஒரு சேலை.

"மச்சி, இது ஒரு பூனைக்குக் காணாது," என்றாள் மதினி. "ரெண்டு மடங்காக்கி எழுதுங்கோ. அவர் அக்கரையிலை புது மாப்பிள்ளையாப் போறார், நீங்கள் இஞ்ச உப்பும் புளியும் எண்ணிக்கொண்டு இருக்கிறீங்கள்."

நான் மாற்றவில்லை. பெருந்தன்மை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஏழு நாளும் பார்த்த அந்தப் பெண் அவ்வளவுதான் சாப்பிட்டாள். அதை மாற்றி எழுதினால் நான் பார்க்காத ஒருத்தியைப் பற்றி எழுதுவது போல இருக்கும் என்று தோன்றியது.

மூன்றாவது தடவை திரைக்குப் பின்னால் போய் இருந்தோம். காதியார் என் கடுதாசியை உரக்க வாசித்தார். அந்நிய மனிதர் ஒருவரின் வாயில் என் பனங்கட்டியும் என் சவுக்காரமும் வந்தபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது. வாசித்து முடித்துவிட்டு என் கணவரிடம் கேட்டார்.

"இதிலை ஏதும் கூட எண்டு நினைக்கிறீங்களா? இருந்தா இப்ப சொல்லலாம்."

"கூட இல்லை. குறைய."

"என்ன?"

"இது சரியில்லை. அவ எழுதினது அவவின்ர செலவில்லை."

என் கணவர் அதிகம் பேசாதவர். ஒன்பது வருடத்தில் என்னைப் பற்றி அவர் என்னிடம் பேசியது மிகக் கொஞ்சம். அன்று திரைக்கு அப்பால் அவர் பேசத் தொடங்கினார். சரக்குக் கணக்குச் சொல்வது போல, ஏற்ற இறக்கம் இல்லாமல்.

"தண்ணி எழுதேல்லை. எங்கட கிணத்துத் தண்ணி உப்பு. குடிக்கிறதுக்கு ஒரு பொம்பிளை ரெண்டு குடம் நல்ல தண்ணி கொண்டுவந்து ஊத்திறவ. அவவுக்குக் குடுக்கவேணும். கோப்பி ஒருக்கா எண்டு எழுதியிருக்கு. அவ ரெண்டு தரம் குடிக்கிறவ. ரெண்டாவதைக் கிணத்தடியிலை நிண்டுகொண்டு குடிப்பா. நான் படுத்திருந்தாலும் எனக்குத் தெரியும், கோப்பையைக் கிணத்துக் கட்டிலை வைக்கிற சத்தம் கேக்கும். வெள்ளிக்கிழமைக்குச் சாம்பிராணி. வாடைக்காத்து தொடங்கினா அவவுக்கு முழங்கால் நோகும், அதுக்கு எண்ணெய் ஒண்டு நாட்டு வைத்தியம் பாக்கிற பரிகாரியிட்டை வாங்கிறது. வருசத்திலை ஒருக்கா முசலியிலை இருக்கிற பெரியம்மாவைப் பாக்கப் போவா. வண்டிச் செலவு இருக்கு." கொஞ்சம் நிறுத்தினார். "பிறகு அந்தக் கழுதை."

"எந்தக் கழுதை?" என்றார் காதியார்.

"பின்வேலிக்கு ஒரு கழுதை வாறது. ஆரின்ரையும் இல்லை, தெருவிலை திரியிறது. ஒரு காது கிழிஞ்சது. ஒவ்வொரு நாளும் சட்டியிலை கொஞ்சச் சோறு மிச்சம் வைச்சுக் கஞ்சித் தண்ணியோட அதுக்கு வைப்பா."

நானா சிரித்துவிட்டார். காதியார் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. ஏழு நாள் என்னை நானே உற்றுப் பார்த்திருந்தேன். ஒவ்வொரு நாளும் அந்த மிச்சச் சோற்றை எடுத்துக்கொண்டு பின்வேலிக்கு நடந்திருக்கிறேன். அதை நான் காணவில்லை. அவர் கண்டிருந்தார்.

காதியார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்தார். "கழுதையைத் தாபரிக்கச் சொல்லிப் புத்தகத்திலை இல்லை. ஆனா சோறு அவவின்ர சோறு. அதிலை அவ ஆருக்குக் குடுத்தாலும் அது அவ வாழ்ந்த முறை. அரிசியைக் கொஞ்சம் கூட்டி எழுதிறன். சம்மதமா?"

"சம்மதம்."

எனக்குக் கோபம் வந்தது. அப்படி ஒரு கோபம் அதற்கு முன் எனக்கு வந்ததே இல்லை. அவர் ஒன்றும் அறியாத மனிதராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும். மதினி என் கையைப் பிடித்தாள். நான் உதறிவிட்டு, திரையைப் பார்த்துக் கேட்டேன். அந்த அறையில் என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று நானே நினைக்கவில்லை.

"இவ்வளவும் தெரிஞ்சிருந்தும் ஏன் போறீங்கள்?"

திரை அசைந்தது. அவர் எழுந்துவிட்டார் என்று நினைத்தேன். காற்றுத்தான்.

"எனக்குத் தெரியாது," என்றார் என் கணவர்.

காதியார் அதை எழுதிக்கொள்ளவில்லை. பேனா கீறுகிற சத்தம் கேட்கவில்லை.

அன்றே தீர்மானமானது. கூப்பன் அரிசி எனக்கு எப்படியும் வரும், அதற்கு மேல் வேண்டியதை அவர் நறுவிலிக்குளத்து நெல்லாக வாங்கிக் குற்றிக் கொடுக்க வேண்டும். மற்றச் சாமான்கள் கிழமைக்கு ஒரு தடவை வண்டியில் வீட்டுக்கு வர வேண்டும். ஒரு சேலை. தண்ணீர்க்காரிக்கு அவரே கொடுக்க வேண்டும். அதோடு நிக்காஹின்போது சொல்லி, மிச்சம் வைத்திருந்த மஹரையும் தீர்க்க வேண்டும். அவர் ஒன்றுக்கும் மறுப்புச் சொல்லவில்லை. சில நாள் கழித்து இரண்டு சாட்சிகளுக்கு முன்னால் தலாக் சொன்னார். நான் அங்கே இருக்கவில்லை. நானா வந்து சொன்னபோது புளி கரைத்துக்கொண்டிருந்தேன். கையைக் கழுவிவிட்டு, இத்தா தொடங்கிவிட்டது என்று மனதில் நினைத்துக்கொண்டேன்.

மூன்று மாதமும் வெளியே போகவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆ முடிந்து வண்டி வரும். வண்டிக்காரர் சாமான்களை வாசலில் இறக்கி, ஒரு தடவை கனைத்துவிட்டுப் போவார். எல்லாம் சொன்னபடியே இருக்கும். எண்ணெய்ப் போத்தலின் வாயைப் பனை ஓலைச் சுருளால் அடைத்து நாரால் முடிச்சுப் போட்டிருக்கும். அந்த முடிச்சு எனக்குத் தெரியும். அதை அவர் கையால்தான் போடுவார். முதல் கிழமை அதை அவிழ்க்காமல் நெடுநேரம் வைத்திருந்தேன். பிறகு எண்ணெய் வேண்டியிருந்தது, அவிழ்த்தேன்.

எனக்கு வேண்டியதெல்லாம் வந்த அந்த மூன்று மாதத்தில் நான் தூக்கத்தில் நடப்பவள் போலத்தான் இருந்தேன். காலையில் இரண்டு கோப்பி குடித்தேன். இரண்டாவதை வேண்டுமென்றே உள்ளே இருந்து குடித்துப் பார்த்தேன், ருசிக்கவில்லை. மறுபடி கிணற்றடிக்குப் போனேன். கழுதை வந்தது. அதற்கென்று வந்த அரிசியில் அதற்கு ஆக்கினேன். தலைமன்னாருக்குப் போகிற ரயிலின் சத்தம் கேட்கும்போது, இன்றைக்கு அவர் அதில் இருப்பார் என்று சில நாள் தோன்றும். சில நாள் தோன்றாது. இரண்டாம் மாதம் முழங்கால் நொந்தது. அந்த எண்ணெயைத் தடவிக்கொண்டு அவரைத் திட்டினேன். வாய்விட்டு, ஒவ்வொரு சொல்லாக. யாரும் கேட்கவில்லை.

இத்தா முடிந்த மறுநாள், காதியார் வீட்டுக்கு மதினியோடு போய்க் கேட்டேன். "இண்டையிலிருந்து எனக்கு ஒண்டும் இல்லையா?"

"சட்டம் அவ்வளவுதான், தங்கச்சி. வயித்திலை பிள்ளை இருந்தா பிள்ளை பிறக்கும்வரைக்கும். இல்லாட்டி மூண்டு மாசம். அதுக்குப் பிறகு உங்கட நானாதான் பொறுப்பு." திரைக்கு அப்பால் புத்தகத்தை மூடுகிற சத்தம் கேட்டது. "எனக்கு இது சரியாப் படுதா எண்டு கேட்டா, எனக்குச் சொல்லத் தெரியேல்லை. ஆனா எனக்குத் தந்த புத்தகம் இதுதான்."

எழுந்து வரும்போது அவர் மனைவி என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டு, கணவர் ஒரு விஷயம் கேட்கச் சொன்னதாகச் சொன்னாள். அவரிடம் வருகிற பெண்கள் திரைக்குப் பின்னால் வாயே திறப்பதில்லை. தகப்பனோ தமையனோ ஒரு தொகை சொல்கிறார்கள், கணவன் இன்னொன்று சொல்கிறான். யார் சொல்வது சரி என்று அவருக்குத் தெரியவில்லை. "நீங்கள் அவையளின்ர வீட்டுக்குப் போய் ஒரு நாள் இருந்து பாத்து எழுதித் தருவீங்களா எண்டு கேக்கிறார். கடையிலை இருந்து ஏதோ அவரால ஏலுமானதைத் தருவார்."

நானாவுக்குப் பிடிக்கவில்லை. தலாக் சொல்லப்பட்டவள் வீடு வீடாகப் போவதா என்றார். காதியாரின் மனைவியும் கூட வருவாள் என்று சொன்ன பிறகு அரை மனதாகத் தலையாட்டினார். முதல் இரண்டு மூன்று வீடுகளுக்கு அவள் வந்தாள். பிறகு தனியாகவே போனேன்.

அப்படிப் பல வருடம் போனேன். தீவிலும் போனேன், பாலத்தைக் கடந்து முசலிக் கரை வரைக்கும் மாட்டு வண்டியில் போனேன். காலையில் போய் அடுக்களையில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்தால், மாலை வரைக்கும் அங்கேதான். கேள்வி கேட்பதை விரைவிலேயே விட்டுவிட்டேன். கேட்டால் எல்லோரும் குறைத்தே சொல்வார்கள். வெறுமனே இருந்து பார்ப்பேன். தண்ணீர் யார் கொண்டுவருகிறார்கள், பிள்ளைக்கு என்ன ஊட்டுகிறாள், எதை மறைத்துவைக்கிறாள், எதை அடுத்த வீட்டில் கைமாற்றாக வாங்குகிறாள். அரபுத் தமிழில் எழுதிக் காதியாரிடம் கொடுப்பேன். அவர் அதில் ஒன்றிரண்டைக் குறைப்பார். கணவனின் கையில் ஒன்றும் இல்லையென்றால் நான் எழுதியது முழுவதும் வீண்தான். கரைவலை இழுக்கிற ஒருவனின் மனைவிக்கு நான் எழுதியதில் பாதிகூடக் கிடைக்கவில்லை. "அவனிட்டை இல்லாததை நான் எங்கையிருந்து எழுதிறது?" என்று காதியார் என்னைக் கேட்டார். அந்தப் பெண் அதற்குள்ளும் எனக்குக் கோப்பி தந்தாள்.

வசதியான வீடுகளில் வேறு மாதிரி. ஒரு வியாபாரியின் மகள் தன் அலுமாரியைத் திறந்து காட்டி, தான் அணிகிற பட்டுச் சேலைகளையெல்லாம் எழுதச் சொன்னாள். எழுதினேன். சரியாகவே கிடைத்தது. அவள் வாழ்ந்த முறை அது. மனதுக்குள் எனக்கு அது உறுத்தியதுதான். ஆனால் பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவது என்று நான் வைத்துக்கொண்ட ஒழுங்கை அவளுக்காக மாற்றவில்லை.

என்னை மறுபடி நிக்காஹ் செய்துகொள்ளக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். இருவருமே நல்ல மனிதர்கள். நான் சம்மதிக்கவில்லை. காரணம் கேட்ட மதினியிடம், "தனியச் சமைச்சுச் சாப்பிடப் பழகிட்டன்" என்றேன். அவள் நம்பவில்லை. நான் சொன்னது உண்மைதான்.

யுத்தம் முடிந்து, வெள்ளைக்காரர் போகப் போகிறார்கள் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலத்தில் அக்கரையிலிருந்து நானாவுக்கு ஒரு கடிதம் வந்தது. என் கணவராக இருந்தவர் காய்ச்சலில் மௌத்தாகிவிட்டார். கடிதம் எங்கெங்கோ சுற்றி வந்ததில் ஐந்து மாதம் பிந்திவிட்டது. அங்கே அவருக்கு இரண்டு பிள்ளைகள் இருந்தார்களாம். நானா முற்றத்தில் நின்று மெதுவான குரலில் வாசித்தார். வாசித்து முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

மௌத்தான கணவனுக்காக ஒரு பெண் இருக்க வேண்டிய இத்தா நாலு மாதமும் பத்து நாளும். அது எனக்கு இல்லை. எனக்கும் அவருக்கும் இடையில் எல்லாம் முறைப்படி தீர்ந்து, எழுதி, சாட்சி வைத்து முடிந்துபோயிருந்தது. அக்கரையில் இருக்கிற அந்தப் பெண்ணுக்குத்தான் அது கடமை. அவள் இருந்தும் முடித்திருப்பாள். அவளுக்கு அந்த நாட்களில் யார் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள், யார் அரிசி வாங்கிக் கொடுத்தார்கள் என்று யோசித்தேன். கணவன் மௌத்தானால் அந்தச் செலவுக்குப் பொறுப்பாளி யார் என்று காதியாரிடம் ஒரு தடவை கேட்டிருக்கிறேன். அவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, அவளுக்குச் சொத்தில் பங்கு உண்டு, தனியாகச் செலவு இல்லை என்று சொல்லியிருந்தார்.

"என்ன செய்யப் போறாய்?" என்றார் நானா.

"அவருக்காக யாஸீன் ஓதப் போறன்."

அன்று அடுப்பு மூட்டவில்லை. மதினி சோறு அனுப்பினாள், சாப்பிட்டேன். பகல் முழுவதும் ஜன்னலோரம் இருந்தேன். அழுகை வந்தபோது அழுதேன், நின்றபோது நின்றது. மணலில் பனைகளின் நிழல் நீண்டுபோவதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் மாலைத் தொழுகை நேரமான மஃரிபு வந்துவிட்டது. அடுத்த நாள் முசலியில் ஒரு பெண்ணின் வீட்டுக்குச் செலவு எழுத வருவதாகச் சொல்லியிருந்தேன். அவளுக்கு ஏழு மாதம், முதல் பிள்ளை. வண்டிக்காரரிடம் காலையிலேயே வரச் சொல்லி ஆள் அனுப்பினேன்.